பர்மாத் தேக்குக் கதவும் என் வலது கண்ணும்

என் வீட்டு வாசலில் இப்போது இருப்பது ஒட்டுப்பலகைக் கதவு. மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு சாத்த மறுக்கும். தோளால் ஓர் இடி கொடுத்தால்தான் தாழ்ப்பாள் விழும். மாடி வீடு, தரையெல்லாம் பளிங்கு, வாசலில் மட்டும் இப்படி ஒரு கதவா என்று வருகிறவர்கள் பார்ப்பார்கள். சிலர் கேட்டும் விடுவார்கள். "முன்ன பர்மாத் தேக்குல ஒண்ணு இருந்துச்சு, வித்துட்டோம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். இங்கே அப்படி நிறுத்தப் போவதில்லை.

என் கண்ணில் கோளாறு என்று முதலில் காட்டிக்கொடுத்தது பெருநாள் பிறைதான். நான் பத்தாம் வகுப்பில் இருந்தேன். நோன்பு திறந்த கையோடு தெருவே மொட்டை மாடிகளில் ஏறி நின்றது. வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, விரலை நீட்டிய பக்கம் பார்த்தேன். பிறை தெரிந்தது. ஒன்றல்ல, நாலைந்து. ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிக்கொண்டு, ஓரமெல்லாம் இழுபட்டு நின்றன. அப்படியே சொன்னேன். "அப்ப உனக்கு மட்டும் நாலஞ்சு பெருநாளா? அத்தனைக்கும் புதுத்துணி கேப்பியே" என்றார் சாச்சா. மாடியே சிரித்தது. எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும், நான்தான் விவரமில்லாமல் எண்ணிவிட்டேன் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

பிறகு கரும்பலகை எழுத்துக்கு நிழல் விழுந்தது. பஸ்ஸின் பெயர்ப்பலகை கிட்டே வந்தாலும் கலங்கியே இருந்தது. உம்மா என்னைப் பட்டுக்கோட்டையில் ஒரு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போனார். வாசலில் 'கம்ப்யூட்டர் கண் பரிசோதனை இலவசம்' என்று கொட்டை எழுத்தில் போர்டு. அந்த வருஷங்களில் ஜாதகம் முதல் ஜாக்கெட் தையல்வரை எல்லாவற்றுக்கும் முன்னால் கம்ப்யூட்டர் என்ற சொல்லை ஒட்டிவைத்தார்கள். கடைக்காரர் என் தாடையை மெஷினில் வைத்துப் பார்த்து, துண்டுச்சீட்டைக் கிழித்து, "சிலிண்டர் பவர்ங்க, ஏறுற வயசு" என்றார். கண்ணாடி வந்தது. அடுத்த வருஷம் போனோம். "இன்னும் ஏறியிருக்குங்க." இன்னொரு கண்ணாடி. அதற்கடுத்த வருஷமும் அதே கதை. ஒரு பெண்ணுக்கு ஏன் இப்படித் தாறுமாறாக ஏறுகிறது, ஒரு டாக்டரிடம் காட்டுங்கள் என்று அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் வருஷா வருஷம் வரும் கிராக்கி போய்விடுமே. அவர் கடை இன்று இரண்டு தளமாக வளர்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

கண் அரிப்பும் கூடவே இருந்தது. கல்லூரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்வேன். அறுவடைக் காலத்தில் தார் ரோட்டிலேயே பாதிக்கு நெல்லைக் கொட்டிக் காயவைத்திருப்பார்கள். மெஷின் அடித்துத் தள்ளும் வைக்கோல் தூசும் நெல் சுணையும் பஸ்ஸுக்குள் வந்து நிறையும். கண்ணைக் கசக்கினால் அப்படி ஒரு சுகமாக இருக்கும். விரல்களை மடக்கி நன்றாகத் தேய்ப்பேன். கசக்கக் கசக்கக் கருவிழி கெடும் என்பது எனக்கு யாரும் சொல்லாத செய்தி.

தஞ்சாவூரில் ஒரு கண் டாக்டர் அம்மாதான் கடைசியில் கண்டுபிடித்தார். அவரிடம் போனதும் தற்செயல்தான். உம்மாவுக்குக் கண்ணில் கட்டி வந்து காட்டப் போனபோது நான் துணைக்குப் போயிருந்தேன். என் கண்ணாடியின் கனத்தைப் பார்த்து அவரே என்னை உட்காரச் சொன்னார். இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நோயின் பெயரைச் சொன்னார்: கெரட்டோகோனஸ்.

"கருவிழி உருண்டையா இருக்கணும். உங்க பொண்ணுக்கு அது மெலிஞ்சு, கூம்பு மாதிரி முன்னாடி தள்ளிட்டு வருது. இதுக்குக் கண்ணாடி உதவாதும்மா. அளவெடுத்துச் செய்யுற கெட்டி லென்ஸ் போட்டா நல்லாப் பாக்கலாம். ஆனா லென்ஸ் போட்டாலும் நோய் நிக்காது. நிறுத்துறதுக்குத் தனியா ஒரு சிகிச்சை இப்ப வந்திருக்கு. சொட்டு மருந்து விட்டு, ஒரு ஒளியைக் காட்டிக் கருவிழியை இறுக்குவாங்க. கண்ணு இருக்கிற நிலையிலேயே நிக்கும். கெட்டது திரும்பாது. அதனால தள்ளிப்போடாதீங்க" என்றார் டாக்டர்.

செலவைக் கேட்டு உம்மாவின் முகம் மாறியதை அவர் கவனித்திருக்க வேண்டும். மதுரைப் பக்கம் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரி இருக்கிறது, பாதிச் செலவில் முடித்துக்கொடுப்பார்கள், சீட்டு எழுதித் தருகிறேன் என்றார். உம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "அவங்க வாப்பா துபாய்ல இருக்காங்க டாக்டர்" என்றார். தர்ம ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும் ஆட்கள் நாங்கள் இல்லை என்று பொருள். முழுச் செலவைக் கொடுக்கவும் கையில் இல்லை, பாதிச் செலவு ஆஸ்பத்திரிக்குப் போகவும் கௌரவம் விடவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது என் கண்.

"கல்யாணம் முடிஞ்சு செஞ்சுக்கலாமா?" என்று கேட்டார் உம்மா.

"கல்யாணம் எப்ப?"

"வீடு முடியணும்."

கல்யாணத்துக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று டாக்டருக்குப் புரியவில்லை. அதிராம்பட்டினத்துக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். எங்கள் பக்கம் கல்யாணமானால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண்ணுக்கென்று ஒரு வீடு கட்டி, அவள் பெயரிலேயே எழுதிக் கொடுப்பார்கள். வீடு இல்லாத பெண்ணுக்குச் சம்பந்தம் வருவது சிரமம். வெளியூர்த் தோழிகள் இதைக் கேட்டுவிட்டு, அடடா, பெண்ணுக்குச் சொத்து, எவ்வளவு நல்ல வழக்கம் என்பார்கள். நல்ல வழக்கம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என் விஷயத்தில் அந்த வீட்டை எனக்காகக் கட்டவில்லை, பார்க்க வருகிறவர்களுக்காகக் கட்டினார்கள். என் வயசுப் பெண்களின் வாப்பாக்கள் துபாயிலும் சவூதியிலும் நின்றுகொண்டு தெருவில் ஒருவர் வீட்டை ஒருவர் முந்திக்கொண்டிருந்தார்கள். எதிர் வீட்டில் மொசைக் என்றால் இங்கே டைல்ஸ். அங்கே டைல்ஸ் வந்துவிட்டால் இங்கே பளிங்கு. ஒரு மளிகைக் கடையில் காலை முதல் இரவுவரை நின்றுகொண்டே வேலை பார்த்த என் வாப்பாவும் அந்த ஓட்டத்தில் இருந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வாப்பா போன் செய்வார். அந்த வெள்ளிக்கிழமை நானே பேசினேன். டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"கண்ணு ரெண்டும் தெரியுதுல்ல?" என்று கேட்டார்.

"தெரியுது வாப்பா. ஆனா—"

"அப்ப வீடு முடியட்டும்மா. கல்யாணம் முடிஞ்சதும் மொத வேலை உன் கண்ணுதான். வெளிய யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதே, சரியா."

எனக்கு லென்ஸ் வாங்கிக்கொடுத்தார்கள். அதுவும் ஒரு கண்ணுக்கு. அதிகம் கெட்டிருந்த வலது கண்ணுக்கு மட்டும். இடது கண் இப்போதைக்கு ஓட்டட்டும் என்று முடிவானது. சட்டைக்குப் பொத்தான் வாங்குகிற மாதிரிப் பேசி முடித்தார்கள்.

ஆனாலும் அந்த முதல் நாளை மறைத்துப் பேசினால் பொய்யாகிவிடும். தஞ்சாவூரில் அளவு பார்த்து, சென்னையிலிருந்து செய்து வந்த லென்ஸ் அது. போட்டதும் கல் விழுந்த மாதிரி உறுத்தி, கண்ணீர் கொட்டியது. அது அடங்கி நிமிர்ந்து பார்த்தால், ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தில் இலை இலையாகத் தெரிந்தது. மரம் என்றால் பச்சையாக ஒரு மொத்தை என்று எத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸிலிருந்து வரப்பு வரப்பாக, நாற்று நாற்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரத்தநாட்டைத் தாண்டும்போது ஒரு கொக்கின் கால்கூடத் தெரிந்தது. இவ்வளவையும் பார்க்க முடிகிற கண் எனக்கு இருந்தது என்பதுதான் பிற்பாடு என் ஆத்திரத்துக்குக் காரணம்.

அந்த லென்ஸோடு ஒளிந்து வாழ ஆரம்பித்தேன். கெட்டிக் கண்ணாடியை வெளியே போடக் கூடாது, பெண் கேட்டு வருகிறவர்கள் காதுக்குப் போய்விடும். லென்ஸை மாட்டும்போது உம்மா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு காவல் நிற்பார். ஒவ்வொரு வேளைத் தொழுகைக்கும் உளுச் செய்யுமுன் கழற்றுவேன், முகம் கழுவித் தொழுத பிறகு திரும்ப மாட்டுவேன். கண் சிவந்து லென்ஸ் போட முடியாத நாட்களில் வெறும் கண்ணோடுதான் தெருவில் போவேன். எதிரே வருவது மாமியா மீன்காரியா என்று தெரியாமல் ஸலாம் சொல்லாமல் தாண்டிவிடுவேன். "துபாய்க்காரர் மவளுக்குத் தலைக்கனம்" என்று பேச்சு வந்தது. அந்தப் பேச்சைக் கேட்டு உம்மா நிம்மதியாகத்தான் இருந்தார். தலைக்கனக்காரி என்றால் சம்பந்தம் வரும், கண் கெட்டவள் என்றால் வராதாம்.

டாக்டர் ஆறு மாதத்தில் வரச் சொல்லியிருந்தார். போக வேண்டிய அந்த மாதத்தில்தான் கதவு வந்தது, நாங்கள் போகவில்லை. காரைக்குடிப் பக்கம் இடித்த ஒரு பெரிய வீட்டின் கதவு. பர்மாத் தேக்கு, ஓரமெல்லாம் பூவேலை, பித்தளைக் குமிழ்கள். லாரியிலிருந்து இறக்க ஆட்கள் போதாமல் தெருவில் போனவர்களையும் கூப்பிட்டார்கள். வாப்பா போனில் கதவைப் பற்றி மட்டுமே பேசினார். பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்க்கிறார்களா என்று கேட்டார். என் கண்ணைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்தபோது அவர்களில் ஒருவர் கதவை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, "உள்ளுக்குள்ள நல்ல கெட்டி" என்று தலையாட்டினார். நான் உள்ளே லென்ஸ் உறுத்த, சிமிட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

நிக்காஹ் அன்று நடந்ததை இப்போதும் ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன்.

அலங்காரம் எல்லாம் முடிந்திருந்தது. மாப்பிள்ளையின் சகோதரிகள், தெருப் பெண்கள் என்று அறை நிறையக் கூட்டம். சாச்சாவின் மனைவி, என் சாச்சி, சுர்மாக் குப்பியோடு வந்தார். ஹஜ்ஜுக்குப் போனவர்கள் கொண்டுவந்தது. கண்ணுக்குள் குச்சியால் இழுத்துவிடும் கருப்புத் தூள். சுர்மா இல்லாமல் மணப்பெண்ணை வெளியே காட்டமாட்டார்கள். என் வலது கண்ணில் லென்ஸ் இருந்தது.

"வேணாம் சாச்சி, எரியும்" என்றேன்.

"சுர்மா எரியுதுன்னு எந்தப் பொண்ணு சொல்லி இருக்கா? கண்ணுல எதும் கோளாறா?" என்று சாச்சி விளையாட்டாகக் கேட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. கேட்டதும் மாப்பிள்ளையின் அக்கா என் முகத்தைக் குனிந்து பார்த்தார்.

நான் உம்மாவைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். அவளைக் கொஞ்சம் தனியா விடுங்க, உளுச் செஞ்சிட்டு வரட்டும் என்று சொன்னால்கூட நான் கழற்றிவிடுவேன். உம்மா சிரித்தார். "போட்டு விடும்மா, அவ சும்மா சிணுங்குறா" என்றார்.

சாச்சி இழுத்த முதல் இழுப்பிலேயே தூள் லென்ஸுக்கு அடியில் போய்விட்டது. லென்ஸ் அதை வைத்து அரைத்தது. வெளியே போக முடியவில்லை, கழிவறை வாசலிலும் ஆட்கள். விருந்து முடிந்து கூட்டம் கலையும்வரை வலது கண்ணிலிருந்து கருப்பாக நீர் வழிந்துகொண்டே இருந்தது. பிரிவை நினைச்சு அழுவுது பிள்ளை என்று ஒரு வெளியூர் விருந்தாளி சொன்னார். எங்கே பிரிவது? நான் தூங்கப் போவதே பக்கத்து அறையில்.

இரவுதான் ஒளிந்து லென்ஸைக் கழற்றினேன். மறுநாள் காலை கண் திறக்கவில்லை. என் கணவரிடம் அப்போதுதான் சொன்னேன். அவருக்கும் துபாயில்தான் வேலை, லீவில் வந்தவர். முதலில் கோபப்பட்டார். பிறகு கார் கூப்பிட்டு என்னைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போனார். வழியில், "சொல்லியிருந்தா என்ன? நாங்க கதவைப் பாத்தா பொண்ணு கேட்டோம்?" என்றார்.

"ஆமா. தட்டிக்கூடப் பாத்தாங்க உங்க ஆளுங்க" என்றேன்.

கருவிழியில் புண் விழுந்து சீழ் பிடித்திருந்தது. புதுப்பெண் மருதாணிக் கையோடு வாரக்கணக்கில் சொட்டு மருந்துக்குக் கண்ணைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தேன். புண் ஆறியது. நட்ட நடுவில் வெள்ளைத் தழும்பு நின்றது. இனி அந்தக் கண்ணுக்கு லென்ஸும் உதவாது, யாராவது இறந்தவர் கொடுத்த கருவிழியை வைத்துத் தைத்தால்தான் உண்டு, அதற்கும் காத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர் அம்மா. அவர் எங்களைத் திட்டவில்லை. இடது கண்ணைச் சோதித்துவிட்டு, "இதுவும் அதே வழியில போகுது. இன்னும் கொஞ்சம் மெலிஞ்சா அந்தச் சிகிச்சையைச் செய்ய முடியாது. இனி உங்க இஷ்டம்" என்றார்.

கல்யாணத்துக்கு வந்திருந்த வாப்பா இன்னும் ஊரில்தான் இருந்தார். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், மொத வேலை என் கண்ணுன்னு சொன்னீங்களே வாப்பா என்று. தலையைக் குனிந்துகொண்டார். கையில் ஒன்றும் மிச்சமில்லை, வீடு எல்லாவற்றையும் தின்றிருந்தது. திரும்பிப் போய் அனுப்புகிறேன், கொஞ்சம் பொறு என்றார். கொஞ்சம் பொறு என்ற சொல் எனக்கு அன்றைக்குக் கெட்ட வார்த்தையாகக் கேட்டது.

"கதவை வித்துடுங்க."

"என்னம்மா பேசுறே? வாசக் கதவையா? ஊரு என்ன சொல்லும்? மானம் போயிரும்."

"எனக்குக் கண்ணு போயிருச்சு வாப்பா. வீடு என் பேருல இருக்கு. கதவும் என்னுதுதான். நீங்க விக்கலேன்னா நானே ஆளைக் கூப்பிடுறேன்."

உம்மா அழுதார். சாச்சா சமாதானம் பேச வந்தார். நாலைந்து பிறை என்றதற்கு அன்று கேலி செய்த மனிதர்தானே, அவரிடமும் சத்தம் போட்டேன். என் கணவர் மட்டும் போய் ஒரு தச்சரைக் கூட்டிவந்தார். வாங்கிப்போனவர்கள் யார் தெரியுமா? அடுத்த தெருவில் மகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தவர்கள். அந்தப் பெண்ணுக்குக் கண் நன்றாக இருக்கட்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். கதவு போன காசோடு, உம்மா வேண்டாமென்ற அதே அறக்கட்டளை ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் திருத்துறைப்பூண்டியிலிருந்து வந்த ஒரு விவசாயக் குடும்பம் நின்றது. நாற்று விட்டிருக்கிற நேரம், ஆனாலும் மகனுடைய கண் முக்கியம் என்று வந்திருந்தார்கள். சிகிச்சை முடிந்து, இடது கண் மேலும் கெடாமல் நின்றது. இன்றைக்கும் அந்த ஒரு கண்ணில்தான் லென்ஸ் மாட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன். வலது கண்ணுக்கு மாற்றுக் கருவிழி கேட்டுப் பெயர் பதிந்துவைத்திருக்கிறேன்.

என் மகளுக்கு இப்போது பதின்மூன்று வயசு. இந்த நோய் குடும்பத்தில் தொடரலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து வருஷம் தவறாமல் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறோம். துபாயை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்ட வாப்பாவும் கூட வருவார். நான் அழைப்பதில்லை, அவராகவே பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்பார். அதற்காக நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

போன முறை ஆஸ்பத்திரியில் கூட்டம். எங்கள் பஸ்ஸிலேயே வந்த ஊர்க்காரர்கள் பலர் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக வந்த நர்ஸ் மகளின் சீட்டை வைத்துக்கொண்டு உரக்கக் கேட்டாள்: "உங்க குடும்பத்துல யாருக்காச்சும் கருவிழிக் கோளாறு இருக்கா?" கூட வந்திருந்த உம்மா பழைய பழக்கத்தில் என் கையைப் பிடித்து அழுத்தினார். பேத்திக்கும் ஒருநாள் சம்பந்தம் பேச வேண்டுமே.

வாப்பா எழுந்து நின்றார். "இருக்கும்மா. எம் மவளுக்கு இருக்கு, இந்தப் புள்ளையோட உம்மாவுக்கு. வலது கண்ணு போயிருச்சு. நாங்க மறைச்சு வச்சோம், அதுல போச்சு" என்றார்.

பெஞ்செல்லாம் திரும்பிப் பார்த்தது. ஒன்றும் ஆகவில்லை. யாரும் வாயைப் பொத்தவில்லை. எங்கள் தெருப் பெண் ஒருத்தி மகளை இழுத்துக்கொண்டு எழுந்து வந்தாள். "எம் புள்ளையும் எந்நேரமும் கண்ணைக் கசக்கிட்டே இருக்கா மாமா, கண்ணாடி வருஷா வருஷம் மாத்துறோம். அதுவா இருக்குமோ?" என்று கேட்டாள்.

இவ்வளவுதானா? இதைச் சொல்ல இவ்வளவு நேரம்தான் ஆகுமா? என்னை அறியாமல் என் கை வலது கண்ணுக்குப் போனது. வாப்பா என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். நான் அவரைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்து, "வீடு கட்டிட்டு இருக்கீங்களா?" என்று கேட்டேன். ஆமாம் என்றாள், கடைக்கால் போட்டிருக்கிறார்களாம்.

"அது நிக்கட்டும். சீட்டு வாங்கு, இன்னைக்கே காட்டிட்டுப் போ" என்றேன்.